மரக் கடைசலில் அலுமினியம்

தமிழ்ல 'கடையிறது'ன்னு ஒரே சொல்லை வச்சுக்கிட்டு ரெண்டு வேலையைச் சொல்றோம். மோரைக் கடையிறோம், கட்டில் காலையும் கடையிறோம். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு பட்டணத்துப் பிள்ளைங்களுக்குப் புரியாம இருக்கலாம், ஏன்னா மோர் இப்ப பாக்கெட்ல வருது, கட்டில் காலுக்கு இரும்புக் குழாய் வந்துட்டு. கடைகயிறு சுத்தின மத்தை ஒரு தடவை பாத்தவங்களுக்கு விளக்கமே வேண்டாம். கயிறோட ஒரு நுனியை இழுத்தா மத்து இந்தப் பக்கம் சுத்தும், மறு நுனியை இழுத்தா அந்தப் பக்கம் சுத்தும். அந்த மத்தைப் படுக்கப் போட்டு, ரெண்டு முனையிலயும் ஆணி கொடுத்து நிறுத்தி, மேல உளியைச் சாத்துங்க. அதுதான் கடைசல். பழைய கடைசல் பட்டறை முழுக்க இவ்வளவுதான். ஒருத்தர் கயிறு இழுப்பார், இன்னொருத்தர் தரையில உக்காந்து உளி பிடிப்பார். தனி ஆளா இருந்தா ஒரு கையில வில், மறு கையில உளி, உளி நகராம இருக்க கால் பெருவிரல்.

இது நம்ம ஊர்ல மட்டும் இருந்த விஷயம் இல்ல. எகிப்துல பெட்டோசிரிஸ்ங்கிற பூசாரியோட கல்லறைச் சுவர்ல, ஏறத்தாழ கி.மு. 300-ஐ ஒட்டின புடைப்புச் சிற்பம் ஒண்ணு இருக்கு. ஒருத்தர் வாரை இழுக்கிறார், எதுக்க உக்காந்தவர் உளி வைக்கிறார். நம்ம மத்து மாதிரியே அதுலயும் மரம் நட்டமா நிக்குது.

இந்த ஏற்பாட்டுல ஒரு குறை உண்டு. கயிறு முன்ன வரும்போது மட்டும்தான் உளி வெட்டும், திரும்பிப் போகும்போது சும்மா நிக்கணும். அதனால பாதி உழைப்புக்குப் பலன் கிடையாது. அப்படியே சில ஆயிரம் வருசம் ஓடியிருக்கு. பிறகு காலால மிதிக்கிற சக்கரம், நீராவி, கரண்டுன்னு வந்துதான் ஒரே பக்கமாச் சுத்துற கடைசல் பரவலாச்சு. எங்க பக்கத்துல கரண்டு மோட்டார் மாட்டின பிறகும் பல பட்டறைகள்ல ஆள் தரையிலதான் உக்காந்திருப்பார். சுத்துற சக்தி மாறுச்சே தவிர உடம்பு பழைய இடத்தை விடல.

எங்க பக்கம்னு சொல்றது தாமிரபரணிக் கரை. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் கேள்விப்பட்டிருப்பீங்க. சின்ன அடுப்பு, குடம், திருகை, உலக்கை, பம்பரம், கிலுக்குன்னு எல்லாம் மரத்துல கடைஞ்சது. மஞ்சக்கடம்பு மாதிரி இழை நெருக்கமான மரமா பாத்து எடுப்பாங்க. கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலயும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாகாவிலயும் வெட்பாலை மரத்துல இதே வேலை நடக்குது. கடைஞ்ச மரம் சுத்திக்கிட்டு இருக்கும்போதே சாயம் சேத்த அரக்குக் குச்சியை அதுமேல அழுத்துவாங்க. உரசுற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்துல ஏறும். அப்புறம் தாழை ஓலையால அழுத்தித் தேச்சா கண்ணாடி மாதிரி மினுங்கும். நெருப்பும் இல்ல, தூரிகையும் இல்ல.

நான் எழுத வந்தது இந்த மரம் ஓடுற பட்டறையில அலுமினியம் ஓடுற கதை. கதவுக் குமிழ், ஊஞ்சல் சட்டத்தோட உச்சிக் குமிழ், விளக்குத் தண்டு, கைத்தடிப் பூண். இதெல்லாம் மரம் கடையிற உளியாலயே அலுமினியத்துல கடைய முடியும். கடையுறாங்க, பாத்திருக்கேன்.

பிசான நடவு முடிஞ்ச ஒரு நாள், ஊஞ்சலுக்குக் குமிழ் வேணும்னு எனக்குத் தெரிஞ்ச ஒரு கடைசல்கார அண்ணாச்சியைப் பாக்கப் போயிருந்தேன். பட்டறைத் தரையில மரச்சுருளோட வெள்ளை வெள்ளையா வேற ஒரு சுருளும் கலந்து கிடந்துச்சு. எடுத்தா தேங்காய்த் துருவல் மாதிரி இருந்துச்சு, நசுக்கினா கையைக் கிழிச்சுடும் போல. "இது என்ன அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். "அலுமினியம்லா"ன்னார். இரும்பு லேத் இல்லாம எப்படின்னு கேட்டதுக்குச் சொன்னார்: "இரும்பு நம்மள எதுத்து நிக்கும் தம்பி. இது எதுக்காது. ஆனா உளியில ஒட்டிக்கிடும். அந்த ஒட்டுறதை மட்டும் பாத்துக்கிடணும்."

இதுக்கு மேல ஒரு எஞ்சினியர் விளக்கினாலும் இந்த அளவு சுருக்கமா வராதுன்னு நினைக்கிறேன். இருந்தாலும் கணக்கைச் சொல்லிடுறேன். அலுமினியத்தோட எடை தண்ணியைப் போல 2.7 மடங்கு, இரும்பு 7.9 மடங்கு. சுத்தமான அலுமினியம் செம்பை விடவும் மெத்து. இரும்பைக் கடையணும்னா உளியைக் கையில பிடிச்சுத் தாங்குறது ரொம்பக் கஷ்டம். அதனாலதான் இரும்பு லேத்துல உளியை ஒரு தாங்கியில முடுக்கி, திருகைச் சுத்தி நகத்துறாங்க. அங்க கைக்கு வேலை அளவு பாக்கிறது மட்டும். மரக் கடைசல்ல உளி கையிலயே இருக்கும், வளைவு கண்ணுல இருந்து தோள் வழியா இறங்கி வரும். அலுமினியம் இந்த ரெண்டு உலகத்துக்கும் நடுவுல நிக்கிற உலோகம்.

வேகத்தைக் குறைச்சுக்கணும். உளி நல்ல எஃகா இருக்கணும், மரத்தைச் சீவுற மாதிரி உள்ள கொடுக்காம மெல்ல மெல்லச் சுரண்டணும். ஒட்டுறதுக்கு மருந்து மண்ணெண்ணெய். துணியில தொட்டு அப்பப்ப தடவினா சீவல் உளி நுனியில அப்பாது. அப்பிக்கிட்டா வெட்டு சொரசொரன்னு வரும், சில நேரம் உளியைப் பிடுங்கிடும். சீவல் சூடாப் பறக்கும், அதனால கண்ணாடி போடாம உக்காரக் கூடாது. அரக்கு மட்டும் இதுல செல்லாது. மரம் உரசுற சூட்டைத் தன்கிட்டயே வச்சுக்கிடும், உலோகமோ அந்தச் சூட்டை உள்ள இழுத்துக்கிடும், அரக்கு உருகிப் பிடிக்காது. அதனால உப்புத்தாள் தேச்சு, மெழுகு மெருகு போட்டு வெள்ளையாவே விட்டுடுறாங்க. இன்னொரு எச்சரிக்கையும் சொல்லணும். இரும்பு உளி தீட்டுற அதே சாணைக்கல்லுல அலுமினியத்தைத் தேய்க்கவே கூடாது. அலுமினியத் தூள் வெடிக்கக் கூடிய சாமான், இரும்புப் பொறி அதுக்குத் தீக்குச்சி.

கடைசல்ல மரத்தைத் தவிர வேற ஒண்ணு ஏறுறது நம்ம நாட்டுக்குப் புதுசும் இல்ல. பேலூர் கோயில்ல தூண்களைப் பாத்தவங்களுக்குத் தெரியும். 1117-ல தொடங்கின அந்தக் கோயிலோட தூண்கள்ல அடுக்கடுக்கா வளையம் ஓடும். கல்லைச் சுத்தவிட்டுக் கடைஞ்சதுன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. அது மாவுக்கல் வகை, வெட்டி எடுத்த புதுசுல மெத்துன்னு இருக்கும். எங்க பக்கத்துக் கருங்கல்லுல அந்த வித்தை நடக்காது. எது உளிக்கு இடம் கொடுக்குதோ அது கடைசலுக்கு வந்து சேரும்.

சரி, அலுமினியம் எப்ப உளிக்கு வந்துச்சு?

இந்த உலோகத்துக்கு வயசு ரொம்பக் கம்மி. தங்கம், செம்பு, இரும்புக்கு எல்லாம் ஆயிரக்கணக்கான வருசம். அலுமினியத்தை மண்ணுல இருந்து முதல்ல பிரிச்சது 1825-ல, டென்மார்க்கைச் சேர்ந்த எர்ஸ்டெட். 1854-ல பிரான்சுல தெவில்ங்கிறவர் கட்டியா எடுக்கிற வழியைக் கண்டார். 1855-ல பாரிஸ் கண்காட்சியில அந்தக் கட்டிகளை வேடிக்கைப் பொருளா வச்சாங்க. அப்ப அது அரசர் வீட்டுச் சாமான். மூணாம் நெப்போலியனோட கைக்குழந்தைக்கு 1856-ல அலுமினியமும் தங்கமும் சேத்து ஒரு கிலுக்கு செஞ்சு கொடுத்தாங்க. அம்பாசமுத்திரத்துல எந்தக் குழந்தைக்கும் கிடைக்கிற கிலுக்கு, அங்க இளவரசனுக்கு அலுமினியத்துல! அமெரிக்காவுல வாஷிங்டன் நினைவுத் தூணோட உச்சிக்கு 1884-ல 100 அவுன்ஸ், அதாவது மூணு கிலோவுக்குக் கொஞ்சம் கீழ, ஒரு அலுமினியக் கும்பம் வார்த்து வச்சாங்க. ஏத்துறதுக்கு முன்ன நியூயார்க்குல ஒரு நகைக்கடையில அதைத் தரையில வச்சுக் காட்டினாங்களாம். சனங்க அதைத் தாண்டிக் குதிச்சுட்டு, 'நினைவுத் தூணோட உச்சியையே தாண்டியாச்சு'ன்னு பெருமை பேசினாங்களாம். கிட்டத்தட்ட வெள்ளி விலை அன்னைக்கு.

ரெண்டு வருசம் கழிச்சு எல்லாம் தலைகீழ். 1886-ல அமெரிக்காவுல ஹால், பிரான்சுல எரூ, ஒருத்தரை ஒருத்தர் அறியாம, ஒரே முறையைக் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு பேரும் 1863-ல பிறந்தவங்க, ரெண்டு பேரும் 1914-ல செத்தாங்க. ஹால் தன் சோதனையைச் செஞ்சது வீட்டு விறகுக் கொட்டகையில. உருகின உப்புல அலுமினாவைக் கரைச்சு, கரண்டு விட்டா அடியில உலோகம் தங்கும். அதுக்கப்புறம் சில வருசத்துல பவுண்டு ஒரு டாலருக்கும் கீழ விலை இறங்கிடுச்சு. அரசர் வீட்டுக் கிலுக்கு, சட்டி பானையாகுறதுக்கு ஆன காலம் ஒரு தலைமுறை கூட இல்ல.

அந்தச் சட்டி பானை இந்தியாவுல முதல்ல உருவான இடம் எதுன்னு நினைக்கிறீங்க? பம்பாயும் இல்ல, கல்கத்தாவும் இல்ல. மதராஸ். அதுவும் எந்த முதலாளியோட ஆலையிலயும் இல்ல, ஓவியம் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடத்துல.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில இன்னைக்கு அரசு கவின் கலைக் கல்லூரின்னு இருக்கே, அதுதான். 1850-ல டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் ஆரம்பிச்ச கலைப்பள்ளி. 1890-கள் கடைசியில அதுக்குப் பொறுப்பா இருந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். 1888-ல மதராஸ் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியரா வந்த ஆங்கிலேயர். அவர் 1898-ல அந்தப் பள்ளியில அலுமினியப் பாத்திரம் செய்யுற பிரிவைத் தொடங்கினார். தகடு வெளிநாட்டுல இருந்து வந்துச்சு. செஞ்ச கை நம்ம கன்னார் கை.

இது எனக்கு முக்கியமாத் தெரியுது. பித்தளை, செம்பு வேலை செய்யுற கன்னாருக்கு அப்ப தொழில் படுத்துக் கிடந்துச்சு. புது உலோகத்தைப் பழைய கைகிட்டயே கொடுத்தா என்னங்கிறதுதான் சாட்டர்டனோட யோசனை. கன்னாருக்குத் தகட்டை அடிச்சுக் குழிவாக்கத் தெரியும், ஓரம் மடிக்கத் தெரியும், கடைசல்ல ஏத்தி மேனி சீவி மெருகு போடவும் தெரியும். பித்தளைக் குத்துவிளக்கோட தண்டு எல்லாம் கடைசல்ல ஏறி இறங்கினதுதானே. அலுமினியம் அதை விட மெத்து. சுத்தியல் அதே சுத்தியல், பட்டறை அதே பட்டறை. புதுசாக் கத்துக்க வேண்டியது கொஞ்சம்தான். பித்தளைக்கு மாதிரி உள்ள ஈயம் பூச வேண்டாங்கிறது வாங்குறவங்களுக்கு லாபம். புளி பட்டா அலுமினியம் அரிக்கும்ங்கிறது வீட்டுக்கு வந்த பிறகு தெரிஞ்சிருக்கும்.

சாட்டர்டன் பேரை விவசாயிங்க இன்னொரு காரணத்துக்காகவும் தெரிஞ்சு வச்சிருக்கணும். நம்ம ஏத்தமும் கவலையும் ஒரு மணி நேரத்துல எவ்வளவு தண்ணி இறைக்குதுன்னு அளந்து பாத்தவர் அவர். எண்ணெய் எஞ்சின் வச்சுக் கிணத்துத் தண்ணி இறைக்கிற பரிசோதனைகளை 1900-களோட தொடக்கத்துல இந்த மாகாணத்துல முன்ன நின்னு நடத்தினவரும் அவர்தான். குரோம் முறையில தோல் பதனிடுறதை 1903-ல கையில எடுத்தார். கவலைச் சால்ல கட்டுற தோல் தண்ணியிலயே கிடந்து சீக்கிரம் அழுகிப் போகுதே, குரோம் தோல்னா தாங்குமேங்கிறது அதுக்குப் பின்னால இருந்த நினைப்புகள்ல ஒண்ணு. பம்புசெட்டுக்கும் அலுமினியச் சட்டிக்கும் இப்படி ஒரே ஆள்கிட்ட இருந்து ஆரம்பம். எங்க ஊர்ல ஒருத்தருக்கும் இந்தப் பேர் தெரியாது, பாடப் புத்தகத்திலயும் நான் பாத்ததில்ல.

அலுமினியப் பிரிவு நல்லா ஓடுச்சு. ஓடினதே அதுக்கு முடிவாவும் ஆச்சு. வழி காட்டிட்டு ஒதுங்கிக்கிறதுதான் சர்க்காரோட வேலைன்னு, 1903-ல அதைத் தனியார் கம்பெனிக்கு வித்துட்டாங்க. வித்ததுல தப்பில்லைன்னு வாதிடலாம், சாட்டர்டனே அப்படித்தான் நினைச்சார். அடுத்து நடந்ததுக்கு எனக்குச் சமாதானம் கிடைக்கல. குரோம் தோல், சேலத்து நெசவாலைன்னு அவர் ஒவ்வொண்ணா எடுக்க எடுக்க, மதராஸ்ல இருந்த ஐரோப்பிய வியாபாரிங்களுக்குப் பொறுக்கல. சர்க்கார் பணத்துல தொழில் நடத்தினா நாங்க எங்க போறதுன்னு முட்டுக்கட்டை போட்டாங்க. 1910-ல லண்டன்ல இருந்து இந்தியா மந்திரி மார்லியோட உத்தரவு வந்துச்சு. தொழில் சொல்லிக் கொடுக்கிறதுக்கும், செஞ்சு காட்டுறதுக்கும் செலவழிக்கலாம், சர்க்காரே வியாபாரம் பண்ணக் கூடாதுன்னு அதோட சாரம். 1912-ல சாட்டர்டன் மைசூருக்குப் போயிட்டார். அந்த வருசம்தான் விஸ்வேஸ்வரய்யா அங்க திவான் ஆனார். மைசூர் சந்தன எண்ணெய் ஆலை எல்லாம் அந்தக் கூட்டணிக்குப் பிறகு வந்தது. மதராஸ் விட்டதை மைசூர் எடுத்துக்கிச்சு.

கன்னார் என்ன ஆனாங்க? அலுமினியப் பாத்திரத் தொழில் வளர வளர, கைச் சுத்தியல் ஓரங்கட்டப்பட்டுச்சு. அந்த இடத்துக்கு வந்தது 'ஸ்பின்னிங்'. இதுவும் கடைசல்தான், ஆனா வெட்டாத கடைசல். வேணுங்கிற பாத்திரத்தோட உருவத்துல ஒரு மர அச்சைக் கடைஞ்சு லேத்துல மாட்டுவாங்க. அதுக்கு முன்னால வட்டமா வெட்டின அலுமினியத் தகடு, தொழில்ல 'சர்க்கிள்'ம்பாங்க, வச்சு அழுத்திப் பிடிச்சுச் சுத்தவிடுவாங்க. நுனி மழுங்கின ஒரு நீளத் தடியைக் கக்கத்துல இடுக்கி, உடம்போட பாரத்தையே கொடுத்து, தகட்டை மர அச்சு மேல படிய வச்சுக்கிட்டே போவாங்க. தட்டையா இருந்த தகடு கண் முன்னால குடமாகும். குயவர் சக்கரத்துல மண்ணு எழும்புறதைப் பாத்தவங்களுக்கு இது புதுசாத் தெரியாது. மண்ணுக்குப் பதிலா உலோகம், அவ்வளவுதான்.

படிய வைக்கப் படிய வைக்க அலுமினியம் விறைச்சுப் போகும். விறைச்சதை மறுபடி சூடு காட்டி இளக்கணும். எவ்வளவு சூடுன்னு எப்படித் தெரியும்? சிவப்பாப் பழுக்கிறதுக்கு முன்னாலயே உருகிடுற உலோகம் இது. 660 டிகிரியில தண்ணியாயிடும், நிறம் மாறி எச்சரிக்காது. அதுக்குத் தொழிலாளிங்க ஒரு வழி வச்சிருக்காங்க. தகட்டு மேல சவுக்காரத்தைக் கோடு கிழிச்சுட்டுச் சூடு காட்டுவாங்க. சவுக்காரக் கோடு கறுத்ததும் நிறுத்திடணும். தகடு இளகியிருக்கும். சவுக்காரக் கட்டிதான் அங்க வெப்பமானி.

இந்த முறையில ஒரு மர அச்சுல அடுத்தடுத்துப் பாத்திரம் எடுத்துக்கிட்டே இருக்கலாம். அச்சு தேய்ஞ்சா இன்னொண்ணு கடைஞ்சுக்கலாம், பிறகு அதையும் இரும்புல மாத்திக்கிட்டாங்க. ஒவ்வொரு பாத்திரத்திலயும் இருந்த சுத்தியல் கணக்கு போச்சு. வடிவம் போட்டது அச்சுக் கடைஞ்ச ஒருத்தர், மத்தவங்க அதை நகல் எடுக்கிறவங்க. அப்புறம் பிரஸ் வந்துச்சு, ஒரே அடியில சட்டி. அந்தப் பாத்திரங்கள் இல்லாம ஏழை வீட்டு அடுப்பு எரிஞ்சிருக்காதுங்கிறதையும் சேத்துத்தான் சொல்லணும். பித்தளை வாங்க வக்கில்லாத வீட்டுல அலுமினியச் சட்டி ஏறினது சின்ன விஷயம் இல்ல. எங்க அம்மா கஞ்சி காய்ச்சினதும் அதுலதான்.

அழகுக்குன்னு அலுமினியத்தைக் கையால செஞ்ச ஆட்கள் வேற ஒரு இடத்துல இருந்தாங்க, எதிர்பாராத இடம். முதல் உலகப் போர்ல, 1914-15 வாக்குல, பிரெஞ்சு சிப்பாய்ங்க பதுங்கு குழியில உக்காந்து மோதிரம் செஞ்சாங்க. ஜெர்மன் குண்டுகளோட மூக்குல இருந்த வெடிதிரிப் பாகம் அலுமினியம். வெடிச்சு விழுந்ததைப் பொறுக்கி, உருக்கி வார்த்து, அரத்தால ராவி, வீட்டுக்காரிக்கு அனுப்பினாங்க. உருக்க ஒரு சின்ன நெருப்புப் போதும், ராவ ஒரு அரம் போதும். இரும்புல இதைச் செஞ்சிருக்க முடியாது. இன்னைக்கும் பாரிஸ் பக்கம் பழஞ்சாமான் கடைகள்ல அந்த மோதிரங்க வருது.

நம்ம நாட்டுல அலுமினிய உலோகத்தையே காய்ச்சி எடுக்க ஆரம்பிச்சது 1943-ல, கேரளத்து ஆலுவா பக்கம், பள்ளிவாசல் நீர்மின்சாரத்தை நம்பி. தமிழ்நாட்டுல 1965-ல மேட்டூர்ல ஆலை வந்துச்சு. ஏற்காட்டுச் சேர்வராயன் மலையிலயும் கொல்லிமலையிலயும் வெட்டின பாக்சைட் மண்ணு அங்க போச்சு. கரண்டு இருக்கிற இடத்தைத் தேடித்தான் இந்த ஆலைங்க போகும். ஒரு கிலோ அலுமினியம் எடுக்க சுமார் 14 யூனிட் கரண்டு வேணும். விவசாயி கணக்குல சொன்னா, அஞ்சு குதிரைசக்தி பம்புசெட்டை ஏறக்குறைய நாலு மணி நேரம் ஓட்டுற கரண்டு. ஒரு வயலுக்குத் தண்ணி பாய்ச்சி முடிச்சிடலாம். நாம நசுங்கிப் போச்சுன்னு தூக்கிப் போடுற சட்டிக்குள்ள அந்தத் தண்ணி இருக்கு. ஆனா பழசை மறுபடி உருக்க, புதுசா எடுக்கிறதுல இருபதுல ஒரு பங்கு சக்தி போதும். பழைய இரும்புக் கடைக்காரர் அலுமினியத்துக்கு மட்டும் ஏன் தராசை ரெண்டு தடவை பாக்கிறார்னு இப்பப் புரியும்.

அஞ்சு பைசா, பத்து பைசா அலுமினியத்துல இருந்தது நாப்பது வயசு தாண்டினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆரம்பிச்சு வச்சது 1964-ல வந்த மூணு பைசா. அதுக்கு அடுத்த வருசம் வந்த ஒரு பைசாவைத் தண்ணியில மெல்லப் படுக்க வச்சா மிதக்கும். வாய்க்கால்ல மிதக்க விட்டு விளையாடித் தொலைச்ச பைசாவுக்கு எங்க வீட்டுல அடி வாங்கினவங்க உண்டு.

அண்ணாச்சி பட்டறைக்கு அலுமினியம் வர்ற வழியும் இந்தப் பழைய இரும்புக் கடைதான். வண்டி எஞ்சின் பிஸ்டன், உடைஞ்ச மோட்டார் மூடி. சட்டி, தட்டு அவருக்கு ஆகாது, அது ரொம்ப மெத்து, உளியில அப்பிக்கிட்டே இருக்கும். பிஸ்டன்ல சிலிக்கான் கலந்திருக்கிறதால சீவல் நொறுங்கி விழுது, மேனியும் சுத்தமா வருது. வார்க்கிறவர் ஒருத்தர் அதை உருக்கி, மணல்ல உருட்டுக் கட்டையா ஊத்திக் கொடுக்கிறார். அதை நீளமா அறுத்து, முனையில குழி எடுத்து, கடைசல்ல ஏத்தினா மீதி எல்லாம் மர வேலைதான்.

நான் உக்காந்திருந்தப்ப ஒரு குமிழ் முழுசா முடிஞ்சுச்சு. முதல்ல உருளை, பிறகு நடுவுல ஒரு கழுத்து, கழுத்துக்கு மேல தாமரை மொட்டு. சொப்புக் குடத்துக்குக் கழுத்து எடுக்கிற அதே கைவீச்சு. அளவுகோல் எடுக்கவே இல்ல. ரெண்டாவது குமிழைக் கடையும்போதுதான் முதல் குமிழைப் பக்கத்துல நிறுத்தி அடிக்கடி பாத்துக்கிட்டார். ஜோடின்னா அதுதான் சிரமம்னார். மரம்னா கொஞ்சம் ஏறக்குறைய இருந்தாலும் அரக்கு நிறத்துல மறைஞ்சிடும், வெள்ளை உலோகத்துல நிழல் விழுந்து காட்டிக் கொடுத்திடும்.

அவரோட மூத்த பையன் கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் லேத்துல வேலை பாக்கிறான். அங்க அவன் கடையிறதும் பெரும்பாலும் அலுமினியம்தான். அளவைத் தட்டிவிட்டா உளி தானா நகரும், ஆயிரம் எடுத்தாலும் ஒண்ணு போல இருக்கும், மாசம் பிறந்தா சம்பளம். அப்பா பட்டறையில ஒரு குமிழுக்கு அரை நாள். சொப்புச் சாமான் பிளாஸ்டிக்கோட மோதி விலை ஏறாம நிக்குது, நல்ல மரமும் சுலபமாக் கிடைக்கிறதில்ல. அதனாலதான் அவர் பிஸ்டன் பக்கம் திரும்பினார், வேற தத்துவம் எதுவும் இல்ல. நூத்து இருபது வருசத்துக்கு முன்ன பூந்தமல்லி ரோட்டுல கன்னார் கையில அலுமினியத் தகட்டைக் கொடுத்தப்ப இருந்த கணக்கும் இதுவேதான். அன்னைக்கு ஒரு சர்க்கார் பள்ளிக்கூடம் முதல் தகட்டையும் முதல் வாங்குறவங்களையும் தேடிக் கொடுத்துச்சு. இவர் தானாத் தேடிக்கிட்டார்.

இப்ப அவருக்கு வர்ற ஆர்டர்ல பாதி பட்டணத்துல வீடு கட்டுறவங்ககிட்ட இருந்து. செட்டிநாட்டு மாதிரிக் கதவு, தேக்கு ஊஞ்சல், அதுக்கு வெள்ளைக் குமிழ். போன் பண்ணி எல்லாரும் முதல்ல கேக்கிறது, "இது கையால செஞ்சதுதானே?" அவர் கேக்கிறது, "எத்தனை ஜோடி, அட்வான்ஸ் எவ்வளவு?"